வாசகர் கேள்வி பதில்: கணிப்பு பலித்தால் கோட்பாடு மெய்யாகிவிடுமா?

இம்முறை வந்த கடிதங்களில் பாலக்காட்டுக் கணவாயின் இரு பக்கத்து ஊர்களிலிருந்தும் வந்தவை அதிகம். கேட்டவர்கள் வெவ்வேறு தொழிலினர். ஆனால் கேள்விகள் எல்லாம் அறிவியலின் கணித மாதிரிகளை எவ்வளவு தூரம் நம்பலாம் என்பதையே சுற்றி வருகின்றன. எனவே மற்றவற்றை அடுத்த இதழுக்கு ஒதுக்கிவிட்டு இவற்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: ஐயா, எங்களுக்குக் கொப்பரைக் களம் இருக்கிறது. மழைக்கு 80 சதவீதம் வாய்ப்பு என்று கைப்பேசி காட்டிய அன்று ஆள் வைத்து அள்ளிக் குவித்துத் தார்ப்பாய் போட்டு மூடினோம். ஒரு தூறல்கூட விழவில்லை. அன்றைக்கே பாலக்காட்டு நகரத்தில் நல்ல மழை. எங்கள் ஊர் வானமே தெரியாத கணினி சொல்வதற்கு அறிவியல் என்று பெயர் எதற்கு?
(தென்னை விவசாயி, கொழிஞ்சாம்பாறை)

பதில்: கைப்பேசி காட்டிய எண், உங்கள் களத்துக்கு மேலிருந்த வானத்தைப் பார்த்துச் சொல்லப்பட்டதன்று. வானிலை மாதிரியில் வளிமண்டலம் கட்டங்கட்டமாகப் பிரிக்கப்படுகிறது. ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரே வெப்பநிலை, ஒரே காற்று வேகம், ஒரே ஈரப்பதம் என்று வைத்துக்கொண்டு, கட்டத்துக்குக் கட்டம் காற்றும் வெப்பமும் நீராவியும் எப்படிப் பாயும் என்பதை இயற்பியல் சமன்பாடுகளால் கணக்கிடுகிறார்கள். நம் நாட்டில் அண்மைக்காலம் வரை முதன்மையாகப் பயன்பட்ட உலகளாவிய மாதிரியில் ஒரு கட்டம் ஏறக்குறைய 12 கிலோமீட்டர் அகலம் கொண்டது. 2025 மே மாதத்தில் அறிமுகமான பாரத் முன்கணிப்பு முறையில் அது 6 கிலோமீட்டராகச் சுருங்கியிருக்கிறது. உங்கள் களம், பக்கத்து ஓடை, அதற்கடுத்த ஊர் எல்லாமே ஒரு கட்டத்துக்குள் அடங்கிவிடும். அந்தக் கட்டத்துக்குள் மாதிரிக்கு மேடு பள்ளம் கிடையாது.

இப்போது பாலக்காட்டுக் கணவாயை அந்தக் கட்டங்களின் மேல் வைத்துப் பாருங்கள். வடக்கே நீலகிரி 2,637 மீட்டர் வரையும், தெற்கே ஆனைமலைத் தொடர் 2,695 மீட்டர் வரையும் உயர்ந்து நிற்க, நடுவில் 30 முதல் 40 கிலோமீட்டர் அகலத்துக்கு மலையே அறுந்துபோய்க் கிடக்கிறது. 12 கிலோமீட்டர் கட்டத்தில் இந்த இடைவெளி மூன்று கட்டங்களோடு முடிந்துவிடும். ஆனால் ஒரு நிலவடிவத்தை மாதிரி உருப்படியாகக் காட்ட வேண்டுமானால் ஐந்தாறு கட்டங்களாவது தேவைப்படும். மலைச்சரிவும் சமவெளியும் ஒரே கட்டத்துக்குள் விழும்போது இரண்டின் உயரமும் சராசரியாகிவிடுவதால், செங்குத்தாக நிற்கும் மலைச்சுவர் கணினிக்குள் சாய்வான மேடாகத் தேய்ந்துவிடுகிறது.

தென்மேற்குப் பருவக்காற்று மலையில் மோதி மேலேறினால் குளிர்ந்து மழையாகும். கணவாய்க்குள் புகுந்துவிட்டால் ஏறுவதற்கு எதுவும் இல்லாமல் வேகமெடுத்துக் கிழக்கே ஓடிவிடும். கொழிஞ்சாம்பாறை, வடகரப்பதி, எருத்தேம்பதி ஆகிய ஊர்கள் கேரளத்தில் இருந்தும் மழை மறைவுப் பகுதியாகக் காய்வதும், அங்கே நெல்லுக்குப் பதில் நிலக்கடலையைப் பார்ப்பதும் இதனால்தான். பாலக்காட்டு நகரத்துக்கும் உங்கள் ஊருக்கும் இடையில் ஏறக்குறைய 20 கிலோமீட்டர். அந்தத் தூரத்துக்குள் மழை எப்படிக் குறைகிறது என்பதை உங்கள் ஊர்க் கரிசல் மண்ணே சொல்லும். மாதிரிக்கோ அது ஓரிரு கட்டங்களுக்குள் நடந்து முடியும் சமாச்சாரம். போதாததற்கு, ஒரு தனி இடிமழை மேகத்தின் அகலமே சில கிலோமீட்டர்தான். கட்டத்தைவிடச் சிறிய மேகத்தை மாதிரியால் மேகமாகக் காட்ட முடியாது. இவ்வளவு ஈரமும் இவ்வளவு வெப்பமும் ஒரு கட்டத்தில் இருந்தால் மொத்தத்தில் இவ்வளவு மழை பெய்யும் என்று அனுபவத்தையொட்டிய ஒரு சூத்திரத்தை எழுதி, மேகத்தின் இடத்தில் அதை உட்கார வைத்திருக்கிறார்கள்.

80 சதவீதம் என்பதையும் சரியாக வாசிக்க வேண்டும். இதைப் போன்ற பத்து நாள்களில் எட்டு நாள் மழை பெய்யும், இரண்டு நாள் பெய்யாது என்பதே அதன் பொருள். அந்த இரண்டில் ஒன்று உங்களுக்கு வாய்த்திருக்கலாம். ஒரே ஒரு நாளை வைத்து அந்த எண்ணைப் பொய்யென்றும் சொல்ல முடியாது, மெய்யென்றும் சொல்ல முடியாது. ஒரு பருவம் முழுக்கக் குறித்துவைத்துப் பார்த்தால், 80 என்று சொன்ன நாள்களில் உங்கள் களத்தில் பாதிதான் நனைந்தது என்று தெரியவரலாம். அப்போது அந்த எண்ணை உங்கள் ஊருக்கேற்பக் குறைத்து வாசிக்க நியாயம் உண்டு. வணிகச் செயலிகளில் பல, இந்தத் திருத்தத்தைச் செய்யாமல் கட்டத்தின் எண்ணையே உங்கள் ஊர்ப் பெயரோடு ஒட்டிக் காட்டுகின்றன. அந்தத் துணிச்சல் செயலிக்காரருடையது. அதை மாதிரியின் கணக்கில் எழுதக் கூடாது. ஆனால் மூடிய முடிவில் தவறில்லை. மூடுவதற்கு ஆள்கூலி 600 ரூபாய், நனைந்து பூஞ்சை பிடித்தால் இழப்பு 6,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், மழைக்கு 10 சதவீதத்துக்கு மேல் வாய்ப்பு இருந்தாலே மூடுவதுதான் கணக்குப்படி லாபம்.

இந்தத் துறையின் முதல் முயற்சி எப்படி முடிந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். லூயிஸ் ஃப்ரை ரிச்சர்ட்சன் என்ற ஆங்கிலேயர், முதல் உலகப் போரின்போது பிரான்சில் காயம்பட்டவர்களை ஏற்றிச் செல்லும் பணியில் இருந்துகொண்டே, 1910 மே 20ஆம் தேதிக்கான ஐரோப்பிய வானிலையைக் கையால் கணக்கிட்டுப் பார்த்தார். ஆறு மணி நேரத்தில் காற்றழுத்தம் 145 ஹெக்டோபாஸ்கல் உயரும் என்று விடை வந்தது. கடும் புயலிலும் அப்படி ஒரு மாற்றம் நடக்காது. உண்மையில் அன்று அழுத்தம் ஏறக்குறைய அசையவே இல்லை. அந்தத் தோல்வியை மறைக்காமல் 1922இல் நூலாகவே வெளியிட்டார். பிற்காலத்தில் ஆராய்ந்தபோது சமன்பாடுகளில் பிழை இல்லை, தொடக்கத்தில் இட்ட அளவுகள் ஒன்றோடொன்று இசையாமல் இருந்ததே காரணம் என்று தெரிந்தது. அவற்றைச் சமன்படுத்திவிட்டு அதே முறையில் கணக்கிட்டால் நம்பத்தக்க விடையே வருகிறது.

கேள்வி: வாக்கியப் பஞ்சாங்கத்தில் போட்டிருக்கும் கிரகணமும் நடக்கிறது, விஞ்ஞானிகள் சொல்லும் கிரகணமும் நடக்கிறது. இரண்டும் பலிக்கும்போது ராகு என்பதை மட்டும் மூடநம்பிக்கை என்று தள்ளுவது என்ன நியாயம்?
(ஓய்வுபெற்ற வங்கி ஊழியர், கல்பாத்தி)

பதில்: இந்தக் கேள்வியை இத்தனை நேராக யாரும் கேட்டதில்லை. கணிப்பு பலிப்பது ஒரு கணக்கு. கணிப்புக்குப் பின்னால் சொல்லப்படும் கதை மெய்யாக இருப்பது வேறொரு கணக்கு. முன்னதில் வரவு வைத்ததைப் பின்னதற்கு மாற்றிக்கொள்ள முடியாது.

இதற்கு நம் மண்ணிலேயே ஆதாரம் இருக்கிறது. ஜான் வாரன் என்ற ராணுவ அதிகாரி, 1825இல் சென்னையில் வெளியான தம் ‘கால சங்கலித’ நூலுக்காகப் புதுச்சேரியில் ஒரு பஞ்சாங்கக் கணிதரைச் சந்தித்தார். அந்தக் கணிதர் தரையில் சோழிகளைப் பரப்பி, மனப்பாடமாக வைத்திருந்த வாக்கியங்களைச் சொல்லிச் சொல்லியே, அவ்வாண்டு மே 31 இரவில் நிகழவிருந்த சந்திர கிரகணத்தைக் கணக்கிட்டார். கிரகணம் தொடங்கும் நேரத்தில் 4 நிமிடமும், நடுவில் 23 நிமிடமும், முடிவில் 52 நிமிடமும்தான் பிசகு. காகிதம் இல்லை, தொலைநோக்கி இல்லை. அதைவிட முக்கியமாக, எந்தக் கோட்பாட்டின்படி இந்தக் கணக்கு அமைந்தது என்பதும் அவருக்குத் தெரிந்திருக்கவில்லை. எப்போதோ யாரோ வானத்தைப் பார்த்துக் கண்ட ஒழுங்கு, எண்ணாகவும் வாக்கியமாகவும் உறைந்து அவர் நாவில் இருந்தது. பாம்பு விழுங்குகிறது என்று அவர் நம்பியிருந்தாலும் விடை அதேதான் வந்திருக்கும். பூமியின் நிழல் என்று நம்பியிருந்தாலும் அதேதான்.

ராகுவையும் இந்த இடத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். 499ஆம் ஆண்டிலேயே ஆரியபட்டர், சூரியனைச் சந்திரன் மறைக்கிறது, சந்திரனைப் பூமியின் நிழல் மறைக்கிறது என்று எழுதிவிட்டார். கணக்கில் வரும் ராகு, சந்திரன் செல்லும் பாதை சூரியன் செல்லும் பாதையை வெட்டும் புள்ளி, ஏறக்குறைய 18.6 ஆண்டுகளில் வானத்தை ஒரு சுற்றுச் சுற்றி வரும். அந்தப் புள்ளி இல்லாமல் நவீன வானியலாலும் கிரகணத்தைக் கணக்கிட முடியாது. எனவே கணிதத்தில் ராகுவை யாரும் தள்ளவில்லை. அந்தப் புள்ளிக்கு வாயும் வயிறும் கோபமும் கொடுக்கும்போதுதான் வழக்கு வருகிறது, அதற்குக் கிரகணம் பலித்தது சாட்சியாகாது.

ஒரு மாதிரியின் பலவீனம் எந்தக் கேள்வியில் வெளிப்படும் என்பதையும் பஞ்சாங்கமே காட்டிக்கொடுக்கிறது. திருக்கணிதப்படி 2025 மார்ச் இறுதியில் நடந்த சனிப்பெயர்ச்சி, வாக்கியப்படி 2026 மார்ச் மாதத்துக்குத் தள்ளிப்போனதைத் திருநள்ளாறு செல்லும் எல்லோரும் அறிவார்கள். கிரகணத்தில் நிமிடக் கணக்கில் பிசகும் முறை, சனியில் ஏறக்குறைய ஓராண்டு பிசகுவானேன்? சந்திரன் ஒரு நாளில் சுமார் 13 பாகை நகர்கிறது. அதன் இடத்தை ஒரு பாகை தவறாகக் கணித்தாலும் நேரத்தில் இரண்டு மணி நேரத்துக்குள்தான் பிழை. சனி ஓர் ஆண்டில் நகர்வதே சுமார் 12 பாகை; அங்கே ஒரு பாகைப் பிழை ஒரு மாதமாகிவிடும். போதாததற்கு, நூற்றாண்டுகளுக்கு முன் வகுத்த வாக்கியத்தைத் திருத்தாமல் ஓதிவந்தால் பிழையும் சேர்ந்துகொண்டே போகும். இதை அறிந்தவர்கள் நம்மிடையே இருந்தார்கள். உங்கள் கல்பாத்திப் புழை சென்று சேரும் பாரதப்புழைக் கரையில், பல பத்தாண்டுகள் கிரகணங்களை நேரில் பார்த்துக் குறித்துவந்த வடசேரி பரமேஸ்வரர், கண்ணால் கண்டதோடு பொருந்தாத பழைய கணக்கைத் திருத்தி 1431இல் ‘திருக்கணிதம்’ வகுத்தார். பழைய நூலின் மேல் அவருக்கு மதிப்பு இல்லாமல் இல்லை. ஆனால் வானத்துக்கும் நூலுக்கும் தகராறு வந்தபோது நூலைத்தான் திருத்தினார்.

கேள்வி: மாதிரியே வேண்டாம், எதையும் நேரே அளந்து உண்மையைத் தெரிந்துகொள்ளக் கூடாதா?
(மீனாட்சிபுரம் வாசகர்)

பதில்: அளவுக்குள்ளும் மாதிரி ஒளிந்திருக்கிறது. நேற்று உங்கள் ஊரில் 12 மில்லிமீட்டர் மழை என்று பதிவேட்டில் இருந்தால், கையகலமே உள்ள ஒரு புனலுக்குள் விழுந்த நீரை அளந்து, சுற்றுவட்டாரம் முழுவதற்கும் அதுவே பொருந்தும் என்று வைத்துக்கொண்டோம் என்பதே அதன் பொருள். காலை 8.30 மணிக்கு எடுக்கும் அளவு, அதற்கு முந்தைய 24 மணி நேரத்துக்கு உரியது. ஆகவே நேற்று மாலை கொட்டிய மழை இன்றைய தேதியில் பதிவாகியிருக்கும். 2.5 மில்லிமீட்டருக்குக் குறைந்தால் அது மழை நாளாகவே கணக்கில் வராது. கொப்பரை நனைவதற்கு அவ்வளவு வேண்டியதில்லை. செயற்கைக்கோள் தரும் மழையளவோ இன்னும் சுற்றுவழி: மேகத்தின் உச்சி எவ்வளவு குளிர்ந்திருக்கிறது என்பதைப் பார்த்துவிட்டு, இவ்வளவு குளிர்ந்தால் கீழே இவ்வளவு பெய்திருக்கும் என்று ஊகித்துச் சொல்வது அதில் பெரும்பகுதி.

கேள்வி: சூரியனைக் கோள்கள் சுற்றுவதுபோல் அணுக்கருவை எலெக்ட்ரான் சுற்றுகிறது என்று பள்ளியில் வரையச் சொல்லி மதிப்பெண்ணும் கொடுத்தார்கள். கல்லூரியில் முதல் வாரத்திலேயே அது தவறு என்கிறார்கள். தவறென்று தெரிந்தே ஏன் கற்பிக்க வேண்டும்?
(இயற்பியல் மாணவி, பாலக்காட்டுச் சித்தூர்)

பதில்: அந்தப் படம் நீல்ஸ் போர் என்ற இயற்பியலாளர் 1913இல் தந்தது. ஹைட்ரஜன் வாயுவின் ஒளியைப் பிரித்தால் குறிப்பிட்ட சில நிறக்கோடுகள் மட்டும் தெரிகின்றன; சிவப்புக் கோடு 656 நானோமீட்டரில் நிற்கிறது. ஏன் அந்த எண், வேறொன்று ஏன் இல்லை என்பதற்கு முதன்முதலில் விடை சொன்னது போரின் மாதிரி. எலெக்ட்ரானைப் பிடுங்கி எடுக்க 13.6 எலெக்ட்ரான்வோல்ட் ஆற்றல் வேண்டும் என்பதையும் அது சரியாகவே தந்தது. அடுத்த தனிமமான ஹீலியத்துக்குப் போனதும் விழுந்துவிட்டது. ஹைட்ரஜனிலும்கூட, மிகத் தாழ்ந்த நிலையில் எலெக்ட்ரான் சுற்றுவதற்கான கோண உந்தம் (சுற்றோட்டத்தின் அளவு) இருப்பதாக அது சொல்கிறது. 1926க்குப் பிந்தைய குவாண்டம் இயக்கவியலின்படி அது சுழியம். வட்டப்பாதையே இல்லாத இடத்தில் வட்டப்பாதையை வைத்துக்கொண்டு சரியான ஆற்றலைப் பெற்றிருக்கிறோம் என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் வியப்புத்தான். கற்பிப்பதில் எனக்கு மறுப்பில்லை. இது எந்த எண்ணைச் சரியாகத் தரும், எங்கே விழுந்துவிடும் என்பதைப் படத்துக்குக் கீழே இரண்டு வரியில் பத்தாம் வகுப்பிலேயே எழுதிவைத்திருந்தால் நீங்கள் ஏமாந்ததாக உணர்ந்திருக்க மாட்டீர்கள்.

கேள்வி: கோட்பாட்டோடு வானம் ஒத்துப்போகாவிட்டால், கண்ணுக்குத் தெரியாத ஒன்றைக் கற்பனை செய்து இட்டு நிரப்பிவிடுகிறார்கள். கரும்பொருளும் அப்படித்தானே?
(ஆனைமலை வாசகர்)

பதில்: இட்டு நிரப்புவது உண்மைதான். அது சரியாகவும் முடிந்திருக்கிறது, தவறாகவும் முடிந்திருக்கிறது, அதுவும் ஒரே மனிதரின் கையில்.

1781இல் கண்டுபிடிக்கப்பட்ட யுரேனஸ், நியூட்டனின் விதிப்படி செல்ல வேண்டிய பாதையை விட்டு மெல்ல விலகிக்கொண்டிருந்தது. பிரெஞ்சு வானியலாளர் லெவெரியே, விதியைச் சந்தேகிக்காமல், அப்பால் ஒரு கோள் இருந்து இழுக்கிறது என்று வைத்துக்கொண்டு அதன் இருப்பிடத்தைக் காகிதத்தில் கணக்கிட்டார். 1846 செப்டம்பர் 23 இரவு பெர்லினில் தொலைநோக்கியைத் திருப்பிப் பார்த்தபோது, அவர் சொன்ன இடத்திலிருந்து ஒரு பாகைக்குள் நெப்டியூன் இருந்தது. புதன் கோளின் பாதையிலும் இதுபோல் ஒரு பிசகு உண்டு. சூரியனுக்கு மிக அருகே வரும் அதன் முனை, மற்றக் கோள்களின் இழுப்பையெல்லாம் கணக்கில் எடுத்த பிறகும், நூறு ஆண்டுக்கு 43 விகலை கூடுதலாக நகர்கிறது. ஒரு பாகையில் 3,600 விகலை. எவ்வளவு நுண்ணிய பிசகு என்று பாருங்கள். லெவெரியே மறுபடியும் அதே வழியில் சென்றார்: சூரியனுக்கு அருகே ஒரு கோள் ஒளிந்திருக்கிறது என்றார். அதற்கு வல்கன் என்று பெயரும் வந்தது. பார்த்துவிட்டோம் என்று சிலர் சாட்சியும் சொன்னார்கள். 1877இல் அவர் இறக்கும்வரை அந்த நம்பிக்கை போகவில்லை. அப்படி ஒரு கோளே இல்லை. 1915இல் ஐன்ஸ்டைனின் பொதுச் சார்பியல், எந்தக் கோளையும் சேர்க்காமல் அந்த 43 விகலையைத் தந்தது.

முதல் வழக்கில் மாதிரி சரி, கணக்கில் ஒரு பொருள் விடுபட்டிருந்தது. இரண்டாவதில் பொருள் எதுவும் விடுபடவில்லை, மாதிரியே அந்த இடத்தில் போதவில்லை. வெளியிலிருந்து பார்க்கும்போது இரண்டு பிசகுகளும் ஒரே தோற்றம் கொண்டவை. கரும்பொருள் விவாதம் இப்போது அந்தச் சந்திப்பில் நிற்கிறது. 1970இல் வானியலாளர்கள் வேரா ரூபினும் கென்ட் ஃபோர்டும் ஆண்ட்ரோமெடா விண்மீன் மண்டலத்தை அளந்தபோது, வெளிவிளிம்பு எதிர்பார்த்ததைவிட வேகமாகச் சுழல்வது தெரிந்தது. கண்ணுக்குத் தெரியாத பொருள் இருந்து இழுக்கிறது என்பது பெரும்பான்மையோர் துணிபு; ஈர்ப்பு விதியையே திருத்த வேண்டும் என்று 1983இல் இயற்பியலாளர் மில்க்ரோம் முன்வைத்தது சிறுபான்மை வழி. மோதிக்கொண்ட விண்மீன் மண்டலக் கூட்டங்களில் ஈர்ப்பின் மையம் ஒரு பக்கமும், கண்ணுக்குத் தெரியும் பொருளில் பெரும்பகுதியான வாயு இன்னொரு பக்கமுமாகப் பிரிந்து நிற்பதால், என் மனம் பெரும்பான்மையின் பக்கமே சாய்கிறது. ஆனாலும் கரும்பொருளின் துகள் ஒன்றுகூட இன்றுவரை எந்தக் கருவியிலும் சிக்கவில்லை. அது சிக்கும்வரை, இது நெப்டியூனா வல்கனா என்று கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு.

கேள்வி: செயற்கை நுண்ணறிவு வந்த பிறகு இயற்பியல் சமன்பாடுகளே இல்லாமல் வானிலையைச் சொல்லிவிடுகிறதாமே? அப்படியானால் மாதிரிகளின் எல்லை என்ற பேச்சே முடிந்துவிட்டதா?
(மென்பொருள் பணியாளர், பொள்ளாச்சி)

பதில்: எல்லை இடம் மாறியிருக்கிறது. 2023இல் வெளியான கிராஃப்காஸ்ட் என்ற செயற்கை நுண்ணறிவு மாதிரி, 1979 முதல் 2017 வரையிலான உலக வானிலைப் பதிவுகளைப் பார்த்துப் பழகியது. பத்து நாள் முன்கணிப்பை ஒரு நிமிடத்துக்குள் தருகிறது. பல அளவுகோல்களில் சமன்பாட்டு மாதிரிகளை முந்தவும் செய்தது. காற்று ஏன் அப்படி வீசுகிறது என்று கேட்டால் அதனிடம் விடை இல்லை. புதுச்சேரிக் கணிதரின் வாக்கியங்களும் இந்த வகையைச் சேர்ந்தவையே: கண்ட ஒழுங்கு உள்ளே போகிறது, கணிப்பு வெளியே வருகிறது. ஒழுங்கு மாறாதவரை இது சிறப்பாக வேலை செய்யும்.

ஒழுங்கு மாறினால் என்ன ஆகும் என்பதை இந்தியப் பருவமழையிலேயே பார்த்திருக்கிறோம். கடல் வெப்பம், பனிப்பரப்பு, காற்றழுத்தம் முதலான 16 குறிகளை மழையோடு இணைத்த ஒரு புள்ளியியல் மாதிரி 1988 முதல் பயன்பட்டு வந்தது. 2002இல் அது சராசரியில் 101 சதவீத மழை என்றது. பெய்தது 81 சதவீதம். அந்த ஜூலையில் நாட்டின் பெரும்பகுதி காய்ந்துபோனது. அதற்கு முன் 1997இல் பசிபிக் கடல் சூடேறும் எல் நினோ உச்சத்தில் இருந்ததைக் கண்டு பலர் வறட்சியை எதிர்பார்த்தார்கள். மழை சராசரியை எட்டிவிட்டது. பழைய தொடர்புகள் தளர்ந்துபோவதை, தொடர்பை மட்டும் அறிந்த மாதிரி முன்கூட்டி உணர வழியில்லை.

எந்த மாதிரிக்கும் பொதுவான இன்னொரு தடையும் இருக்கிறது. 1961இல் வானிலையியலாளர் எட்வர்ட் லோரென்ஸ், தம் கணினியில் 0.506127 என்ற எண்ணுக்குப் பதில் 0.506 என்று சுருக்கி இட்டுவிட்டுக் காபி குடித்துவிட்டுத் திரும்பி வந்தபோது, கணினிக்குள்ளிருந்த வானிலை முற்றிலும் வேறு பாதையில் போயிருந்தது. தொடக்க அளவில் உள்ள சிறு பிசகு வளர்ந்துகொண்டே போவதால், தேதிவாரியான முன்கணிப்புக்கு ஏறத்தாழ இரண்டு வாரம் என்ற வரம்பு சொல்லப்படுகிறது. கணினி வேகம் கூடினாலும் இந்த வரம்பு பெரிதாக நகராது. ஐரோப்பிய வானிலை முன்கணிப்பு மையம் 2025 பிப்ரவரி முதல் செயற்கை நுண்ணறிவு மாதிரியைச் சமன்பாட்டு மாதிரிக்குப் பக்கத்திலேயே வைத்து ஓட்டுகிறது. இரண்டில் ஒன்றை நிறுத்திவிடவில்லை. காரணமும் உண்டு: செயற்கை நுண்ணறிவு தன் கணிப்பைத் தொடங்குவதற்கு ‘இந்த நேரத்தில் வளிமண்டலம் எப்படி இருக்கிறது’ என்ற முழுப் படம் வேண்டும், அந்தப் படம் இன்றும் சமன்பாட்டு மாதிரியின் வழியாகத்தான் தயாராகி அதன் கைக்கு வருகிறது.